ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர், நாகர்கோவில் எம்.பி.யாக மறைந்தவர்: கல்லூரி உதவித்தொகைக்கு அலையும் மாணவர்கள் காமராஜரை ஏன் தெரிஞ்சுக்கணும்?

பிளஸ் டூ ரிசல்ட் வந்துட்டா போதும், நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல்னு குமரி மாவட்டத்துல எந்த ஊருக்குப் போனாலும் இ-சேவை மையங்கள் முன்னாடி கூட்டம் நிக்கும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரி சான்றுன்னு ஆளுக்கு ஒரு பை நிறைய காகிதம். ரப்பர் பால் வெட்டும் அப்பா ஒரு நாள் வேலையை விட்டுட்டு வந்திருப்பார். அண்டி ஆபீஸுக்குப் போகும் அம்மா அரை நாள் கூலியை இழந்துட்டு வந்திருப்பார். மார்க் இருக்கு, சீட்டும் கிடைக்கும். ஆனா கட்டணத்துக்கு வழி என்ன என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வியோட வாழ்ந்த ஒருத்தர் தமிழ்நாட்டை ஒன்பது ஆண்டுகள் ஆண்டார். கடைசி ஆறு ஆண்டுகள் நாகர்கோவில் மக்களின் எம்.பி.யாக டெல்லியில் இருந்தார். அவர் காமராஜர். அவர் பிறந்த ஜூலை 15-ஐ தமிழகப் பள்ளிகள் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகின்றன. அவர் வாழ்க்கைக்கும் இன்னைக்கு நீங்க நிரப்புற உதவித்தொகை விண்ணப்பத்துக்கும் என்ன தொடர்பு? பார்க்கலாம்.

பிடி அரிசியில் படித்த சிறுவன்

1903-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி விருதுநகரில் குமாரசாமி நாடார், சிவகாமி அம்மாள் தம்பதிக்குப் பிறந்தார் காமராஜர். அப்போ அந்த ஊரின் பெயர் விருதுபட்டி. குடும்பம் பசி பட்டினியில் இருந்ததில்லை. சின்ன வியாபாரம், ஓரளவு வசதி.

ஆனா அவருக்கு ஆறு வயசு இருக்கும்போதே அப்பா இறந்துட்டார். வீட்டில் அம்மா, தங்கை நாகம்மாள், இவர். நகைகளை விற்று, அந்தப் பணத்தை உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் கொடுத்துவைத்து, மாதாமாதம் வரும் வட்டியில் சிவகாமி அம்மாள் குடும்பத்தை ஓட்டினார். சம்பாதிக்கும் ஒருவர் போய்விட்டால் ஒரு வீட்டில் முதலில் ஆட்டம் காண்பது பிள்ளைகளின் படிப்புதான். இன்னைக்கும் அதே நிலைமைதான்.

காமராஜர் படித்தது விருதுநகர் க்ஷத்ரிய வித்யாசாலா பள்ளியில். அந்தப் பள்ளியை ஊர்க்காரர்களே நடத்தினார்கள். வியாபாரிகள் மகமை கொடுப்பார்கள். வீடுகளில் சமைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துவைத்து பள்ளிக்குக் கொடுப்பார்கள். இதுக்குப் பேர் பிடி அரிசித் திட்டம். இன்றைய மொழியில் சொன்னா, ஊரே சேர்ந்து கொடுத்த கல்வி உதவித்தொகை. இதுக்கு விண்ணப்பம் கிடையாது, சான்றிதழ் கிடையாது. பிள்ளை வந்தா படிக்கலாம்.

அப்படி இருந்தும் காமராஜரால் தொடர முடியல. பன்னிரண்டு வயசு வாக்கில், ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றது. மாமாவின் துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பள்ளியில் கட்டணம் இல்லாவிட்டாலும், வீட்டில் வருமானம் இல்லாவிட்டால் பிள்ளை கடைக்குத்தான் போகும் என்பதை அவர் யாரும் சொல்லிக்கொடுக்காமலே தெரிந்துகொண்டார்.

திருவனந்தபுரத்தில் ஒரு மரக்கடை

1919-இல் ஜாலியன்வாலாபாக் படுகொலைச் செய்தி வந்தபோது காமராஜருக்கு 15 வயது. கடையில் இருந்த நேரத்தைவிடக் கூட்டங்களில் இருந்த நேரம் அதிகமானது. அரசியல் வேண்டாம்னு வீட்டில் முடிவு பண்ணி, அவரைத் திருவனந்தபுரத்தில் மரக்கடை வைத்திருந்த இன்னொரு மாமாவிடம் அனுப்பிவைத்தார்கள்.

அப்போ நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஒரே திருவிதாங்கூர் சமஸ்தானம். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில்கூட ஒடுக்கப்பட்ட சாதியினர் நடக்கக் கூடாது என்ற நிலை அங்கே இருந்தது. அதை எதிர்த்து 1924-இல் வைக்கம் போராட்டம் தொடங்கியது. அரசியலில் இருந்து விலக்கிவைக்க அனுப்பப்பட்ட இளைஞர் அந்தப் போராட்டத்தில் கலந்துகொண்டார். வீட்டார் போட்ட கணக்கு தப்பிப்போச்சு.

அதன் பிறகு முழுநேர காங்கிரஸ் தொண்டர். 1930-இல் உப்புச் சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டு சிறை சென்றார். அடுத்தடுத்த போராட்டங்களையும் சேர்த்தால் சுமார் ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன. பள்ளியில் விட்ட படிப்பை அவர் ஓரளவு பிடித்தது அங்கேதான். செய்தித்தாள், புத்தகம், ஆங்கிலம் எல்லாமே தானாகப் படித்தது. 1940-இல் தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் தலைவரானார்.

சுதந்திரத்துக்குப் பிறகு கல்லூரி வாசலில் ஒரு பெரிய சிக்கல் வந்தது. சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களில் இருந்த வகுப்புவாரி ஒதுக்கீடு செல்லாது என்று 1951-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பெரியார் தெருவில் இறங்கிப் போராடினார். காமராஜர் காங்கிரஸுக்கு உள்ளே இருந்து நேருவிடம் வலியுறுத்தினார். அதே ஆண்டில் அரசியல் சட்டத்தில் முதல் திருத்தம் வந்தது. பின்தங்கிய வகுப்பினருக்குக் கல்வியில் தனிச் சலுகை தர அரசுக்கு வழி கிடைத்தது. இன்னைக்கு பி.சி., எம்.பி.சி. மாணவர்கள் சாதிச் சான்று இணைத்து உதவித்தொகை கேட்க முடியுதுன்னா, அதுக்கு அடிப்படைகளில் ஒன்று இந்தத் திருத்தம்.

முதலமைச்சர் ஆனதும் என்ன செய்தார்?

1954 ஏப்ரல் 13-ஆம் தேதி காமராஜர் சென்னை மாகாண முதலமைச்சரானார். அதற்கு முந்தைய ஆண்டு ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, பிள்ளைகள் பாதி நேரம் பள்ளியிலும் மீதி நேரம் குடும்பத் தொழிலிலும் இருக்க வேண்டும். குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்புக் கிளம்பிய அந்தத் திட்டத்தைக் காமராஜர் அரசு வந்ததும் கைவிட்டது.

அடுத்து, ஒவ்வொரு ஊருக்கும் தொடக்கப்பள்ளி, ஒவ்வொரு பஞ்சாயத்துக்கும் உயர்நிலைப்பள்ளி என்று இலக்கு வைத்தார். கல்வித்துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு இதற்குத் துணையாக நின்றார். பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஊர்க்காரர்கள் பெஞ்சு கொடுத்தார்கள், நிலம் கொடுத்தார்கள், கட்டடம் கட்டிக்கொடுத்தார்கள். விருதுபட்டியின் பிடி அரிசி மாநிலம் முழுக்கப் போனது மாதிரிதான்.

1956-இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுவனிடம் ஏன் பள்ளிக்குப் போகலைன்னு காமராஜர் கேட்டதாகவும், போனா சோறு யார் போடுவாங்கன்னு அவன் திருப்பிக் கேட்டதாகவும் ஒரு கதை தமிழ்நாடு முழுக்கச் சொல்லப்படுது. அந்தக் கேள்விக்கான பதில் காமராஜருக்குத் தன் வாழ்க்கையிலிருந்தே தெரியும். கட்டணத்தைத் தள்ளுபடி செய்தால் மட்டும் போதாது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதால் வீட்டுக்கு வரும் இழப்பையும் ஈடுகட்டணும்.

பள்ளிக் கட்டணமும் படிப்படியாக விலக்கப்பட்டது. முதலில் ஏழைப் பிள்ளைகளுக்கு, பிறகு எல்லோருக்கும் என்று உயர்நிலைப்பள்ளி வரை இலவசக் கல்வி விரிந்தது. எல்லோருக்கும் என்றால் வருமானத்தை நிரூபிக்கும் வேலை இல்லை. சோற்றுக்கும் சான்றிதழ் கேட்கவில்லை, பள்ளி வாசலிலும் கேட்கவில்லை.

குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த நாள்

மதிய உணவுத் திட்டம் தொடங்கிய அதே 1956-இல்தான், நவம்பர் 1-ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டுக்கு வந்தன. அது சும்மா வந்த இணைப்பு இல்லை. மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் பல ஆண்டுகள் போராடியது. 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின.

படிப்பில் குமரி அப்போதே முன்னால் இருந்த பகுதி. ரிங்கல்தௌபே மயிலாடியில் தொடங்கிய மிஷனரிப் பள்ளிக்கு அப்போ ஒன்றரை நூற்றாண்டு வயது நெருங்கிக்கொண்டிருந்தது. நாகர்கோவிலில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி இருந்தது. 1952-இல் தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரியும் வந்திருந்தது. ஆனா கடற்கரைக் கிராமத்துப் பிள்ளைக்கும் மலையோரத் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் கல்லூரி என்பது எட்டாத தூரம்தான்.

1957-இல் அமைந்த காமராஜர் அமைச்சரவையில் குளச்சல் எம்.எல்.ஏ. லூர்தம்மாள் சைமன் இடம்பெற்றார். மீன்வளமும் உள்ளாட்சியும் அவர் பொறுப்பில் இருந்தன. தமிழ்நாட்டோடு சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத மாவட்டத்திலிருந்து, அதுவும் கடற்கரைத் தொகுதியிலிருந்து ஒரு பெண் அமைச்சர்.

1960-களில் கல்லூரிகளும் பெருகின. மார்த்தாண்டத்தில் 1964-இல் நேசமணி நினைவு கிறிஸ்தவக் கல்லூரி, 1965-இல் நாகர்கோவிலில் பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரி, அதே ஆண்டில் அகஸ்தீஸ்வரத்தில் விவேகானந்தா கல்லூரி. இதையெல்லாம் நடத்தியது அரசு இல்லை, தனியார் அமைப்புகள். ஆனா அந்த வகுப்பறைகளில் வந்து உட்கார்ந்தது, காமராஜர் காலப் பள்ளிகளில் கட்டணமில்லாமல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த தலைமுறை.

தோற்கடித்தது ஒரு மாணவர் தலைவர், தேர்ந்தெடுத்தது நாகர்கோவில்

1963 அக்டோபர் 2-ஆம் தேதி காமராஜர் முதலமைச்சர் பதவியை விட்டு விலகினார். மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குத் திரும்பணும் என்பது அவர் சொன்ன யோசனை. அதனால்தான் அது காமராஜர் திட்டம் எனப்பட்டது. அகில இந்திய காங்கிரஸ் தலைவரானார். லால் பகதூர் சாஸ்திரி, இந்திரா காந்தி என்று இரண்டு பிரதமர்கள் தேர்வானதில் அவர் பங்கு பெரிது.

1967 தேர்தலில் நிலைமை தலைகீழ். சொந்த ஊரான விருதுநகரில் தி.மு.க. வேட்பாளரான மாணவர் தலைவர் பெ.சீனிவாசனிடம் 1,285 வாக்குகள் வித்தியாசத்தில் தோற்றார். மாணவர்களுக்காக அவ்வளவு செய்தவரை ஒரு மாணவர் தலைவர் தோற்கடித்தார். இதை நன்றிகெட்டதனம்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. ஆனா வேறு மாதிரியும் பார்க்கலாம். மொழிப் போராட்டம், அரிசித் தட்டுப்பாடு என அன்றைய இளைஞர்களுக்கு அரசு மேல் கோபம் இருந்தது. அந்தக் கோபத்தைப் பேசும் துணிச்சல் அவர்கள் படித்த படிப்பிலிருந்தும் வந்தது.

1968-இல் நாகர்கோவில் எம்.பி.யாக இருந்த நேசமணி காலமானார். 1969 தொடக்கத்தில் நடந்த இடைத்தேர்தலில் காமராஜர் நாகர்கோவிலில் நின்றார். சொந்த ஊர் கைவிட்டவரை ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் குமரி மக்கள் ஜெயிக்கவைத்தார்கள். காங்கிரஸ் உடைந்த பிறகு, 1971-இல் அவர் இருந்த ஸ்தாபன காங்கிரஸ் தமிழகம் முழுக்கத் தோற்றபோதும், அந்தக் கட்சி வென்ற ஒரே மக்களவைத் தொகுதி நாகர்கோவில்தான்.

1975 அக்டோபர் 2-ஆம் தேதி, காந்தி பிறந்த நாளன்று, சென்னை தியாகராய நகரில் உள்ள வாடகை வீட்டில் காமராஜர் இறந்தார். அப்போதும் அவர் நாகர்கோவில் எம்.பி.தான். கடலில் கரைக்கும் முன் அவருடைய அஸ்தி கன்னியாகுமரியில் மக்கள் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது. அங்கே, காந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில், 2000-ஆம் ஆண்டில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. 1976-இல் அவருக்குப் பாரத ரத்னா வழங்கப்பட்டது.

கைநாட்டு விண்ணப்பங்கள்

காமராஜர் பற்றி டீக்கடைகளிலும் மேடைகளிலும் அதிகம் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. மருத்துவக் கல்லூரி இடங்களுக்கு வந்த விண்ணப்பக் கட்டு அவர் முன்னால் வைக்கப்பட்டதாம். யாரைத் தேர்வு செய்வது என்று கேட்டபோது, பெற்றோர் கையெழுத்துக்குப் பதிலாகக் கைநாட்டு வைத்திருந்த விண்ணப்பங்களை அவர் எடுத்துக் கொடுத்தாராம்.

இது மக்கள் வாய்வழியாகச் சொல்லிவரும் கதை. ஆனா ஒரு தலைவரைப் பற்றி மக்கள் எந்தக் கதையை மறக்காமல் வைத்திருக்கிறார்கள் என்பதும் முக்கியம். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடத் தெரியாதவர் வீட்டுப் பிள்ளைக்குத்தான் அந்த விண்ணப்பம் ரொம்பத் தேவை என்பதைத்தான் இந்தக் கதை சொல்லுது.

2010-11 முதல் நடைமுறையில் உள்ள முதல் தலைமுறை பட்டதாரி சலுகை இந்த எண்ணத்துக்கு ரொம்ப நெருக்கமானது. குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்காத மாணவர், ஒற்றைச் சாளர கலந்தாய்வு மூலம் பொறியியல் போன்ற தொழிற்படிப்பில் சேர்ந்தால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. இதற்கு வருமான வரம்பு கிடையாது. குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும்தான் கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கிடையாது.

இன்னைக்கு என்னென்ன உதவி இருக்கு?

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு. மருத்துவத்தில் 2020-இலும், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளில் 2021-இலும் இது வந்தது. இதில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது.

கல்லூரி செல்லும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-இல் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-இல் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. உதவிபெறும் பள்ளிகள் நிறைய உள்ள குமரி மாவட்டத்தில் இது முக்கியமான தகவல். கல்லூரியில் சேர்ந்ததும் அங்கே இதற்கென உள்ள பொறுப்பு ஆசிரியரிடம் கேட்டால் விண்ணப்பிக்க உதவுவார்.

எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-இல் தொடங்கிய பழைய திட்டம். பி.சி., எம்.பி.சி. மாணவர்களுக்குத் தனி உதவித்தொகை இருக்கு. வருமான வரம்பு திட்டத்துக்குத் திட்டம், படிப்புக்குப் படிப்பு மாறும். அதனால் அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்கணும். இதுவும் போதாவிட்டால் வங்கிக் கல்விக் கடன். வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 4 லட்சம் ரூபாய் வரை சொத்துப் பிணை தேவையில்லை.

எங்கே தவறிப்போகுது?

காமராஜர் காலத்தில் பள்ளி இல்லை, சோறு இல்லை என்பது பிரச்சினை. இன்னைக்குத் திட்டம் இருக்கு, பணமும் இருக்கு. ஆனா நடுவில் ஒரு படிவம் நிக்குது. தவறுவது பெரும்பாலும் சின்னச் சின்ன இடங்களில்தான்.

ஆதாரில் ஒரு இனிஷியல், மதிப்பெண் சான்றிதழில் வேறொரு இனிஷியல். பிறந்த தேதியில் ஒரு எண் மாறியிருக்கும். வங்கிக் கணக்கு இருக்கும், ஆனா ஆதாரோடு இணைக்கப்பட்டிருக்காது. உதவித்தொகை நேரடியாக ஆதார் இணைந்த கணக்குக்குத்தான் போகும் என்பதால் பணம் வராமல் நிக்கும். சாதிச் சான்று நிரந்தரமானது. ஆனா வருமானச் சான்று அப்படி இல்லை, காலாவதியாகும். முதல் ஆண்டு வாங்கிட்டு, இரண்டாம் ஆண்டு புதுப்பிக்க மறந்து நின்றுபோனவர்களும் உண்டு.

அதனால், பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் நான்கு வேலைகளைச் செய்யலாம். எல்லா ஆவணங்களிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றா இருக்கான்னு பார்ப்பது, வங்கிக் கணக்கை ஆதாரோடு இணைப்பது, இ-சேவையில் சான்றுகளுக்கு விண்ணப்பிப்பது, எல்லாவற்றின் நகலையும் ஒரே கோப்பில் வைப்பது. கல்லூரியில் சேர்ந்ததும் யுமிஸ் எண்ணைக் கேட்டு வாங்கிக்கணும். தமிழக அரசின் உதவித்தொகைக்கு அது தேவைப்படும்.

படிக்கத் தெரிந்த பெற்றோருக்கே இது தலைசுற்றும் வேலை. வள்ளத்தில் போய் மூணு நாள் கழிச்சுக் கரைக்கு வரும் அப்பாவுக்கு, கடைசித் தேதி போன பிறகுதான் விஷயமே தெரியும். இங்கேதான் ஊர் தேவைப்படுது. விருதுபட்டியில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி எடுத்துவைத்தவர்களுக்கு அந்த அரிசியைத் தின்று படிக்கும் பையன் யாருன்னு தெரியாது. அதே மாதிரி ஒரு கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊர் நூலகர் என யாராவது ஒருத்தர் ஒரு மாலை நேரம் உட்கார்ந்து பக்கத்து வீட்டுப் பிள்ளையின் படிவத்தைச் சரிபார்த்தால் போதும், ஒரு வருஷக் கட்டணம் மிச்சமாகும்.

ஜூலை 15 அன்று பள்ளிகளில் காமராஜர் படத்துக்கு மாலை போடுவார்கள், பேச்சுப் போட்டி நடக்கும். அன்னைக்கு, போன வருஷம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகளையும் பள்ளிக்குக் கூப்பிட்டு, யாருக்கு உதவித்தொகை வந்தது, யாருக்கு எந்தச் சான்றில் நின்றதுன்னு ஒரு மணி நேரம் கேட்கலாம். நின்றுபோன விண்ணப்பம் ஒன்றை அன்றே சரிசெய்து அனுப்பினாலும், அது அவர் தொடங்கிய வேலையின் தொடர்ச்சிதான்.